அறப்போரின் அளவுகோல்
காந்தியடிகளின் தென்னாப்பிரிக்க நூலை முன்வைத்து ஓர் ஆய்வு

போருக்கும் அறம் உண்டு என்று கண்டவர் பழந்தமிழர். பகைவர் நாட்டின்மேற் படை செலுத்துமுன், பசுக்களுக்கும் அந்தணருக்கும் பெண்களுக்கும் நோயாளருக்கும் மகப்பேறு இல்லாதவருக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து, காப்பான இடம் தேடிக்கொள்ளச் செய்யும் வழக்கத்தைப் புறநானூறு காட்டுகின்றது. படைக்கலம் ஏந்திய போருக்கே இத்தகைய வரம்பு வேண்டுமாயின், படைக்கலம் ஏந்தாத போருக்கு வரம்பு எத்துணை வேண்டும்! படை ஏந்தியவன் வரம்பு கடந்தால் பழிக்கு ஆளாகிறான். ஆயினும் அவன் கையில் வாள் எஞ்சியிருக்கும். படை ஏந்தாதவன் வரம்பு கடந்தாலோ, அவன் கையில் எஞ்சுவது ஒன்றும் இல்லை. அவனுக்குரிய ஒரே படைக்கலம் ஒழுக்கமே.

அந்த ஒழுக்கத்தின் அளவு யாது? அதனை வகுப்பவர் யார்? யாரிடம் அதனை முதலிற் கேட்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவார்க்குக் காந்தியடிகளின் ‘தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்’ என்னும் நூல் இன்றியமையாதது. அவர்தம் வாழ்க்கை வரலாற்று நூலைப் படித்தவர் பலர்; இந்நூலைப் படித்தவர் சிலரே. தமிழர் இதனைப் படிக்கத் தனிக்காரணமும் உண்டு. இந்நூலின் பிற்பகுதியில் நடக்கும் மக்களுள் மிகப் பலர் தமிழர். கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்டவர்கள். மலாயாத் தோட்டங்களுக்கு 1910ஆம் ஆண்டுவரை தமிழரைக் கொண்டுவந்ததும் அம்முறையே. ‘சஞ்சிக் கூலி’ என்ற சொல்லைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்ட குடும்பங்களுக்கு இந்நூலின் மாந்தர் அயலார் அல்லர்.

நூல் பிறந்த வகை

இந்நூல் சிறையிற் பிறந்தது. 1923ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எரவாடாச் சிறையில் இருந்தபோது அடிகள் குஜராத்தியில் இதனைத் தொடங்கினார். பக்கத்தில் ஏடுகள் இல்லை, குறிப்புகள் இல்லை, நினைவொன்றே துணை. மீந்த பகுதியை விடுதலைக்குப் பின் முடித்தார். வால்ஜி தேசாய் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1928ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. நினைவிலிருந்து எழுதிய நூல் என்பதனை மனத்திற் கொண்டே இதனை மதிப்பிடல் வேண்டும். நினைவு எதனை விடாமற் பற்றிக்கொள்கிறது, எதனை நழுவவிடுகிறது என்பதும் ஆய்வுக்குரிய செய்தியே ஆகும்.

1906ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகானஸ்பர்க் நகரத்து எம்பயர் நாடக அரங்கில் இந்தியர் கூடி, கட்டாயப் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று இறைவன்மேல் ஆணையிட்டனர். அன்று தொடங்கி 1914ஆம் ஆண்டு இந்தியர் துயர்நீக்கச் சட்டம் நிறைவேறும்வரை நடந்தவற்றை இந்நூல் சொல்கின்றது. விதிகளைத் தொகுத்து அடுக்கும் நூலன்று இது. ஆயினும் நிகழ்ச்சிகளின் ஊடே சில அளவுகோல்கள் தெளிவாகப் புலப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காண்பது தகும்.

கோரிக்கையின் எல்லை

முதல் அளவுகோல், கேட்பதைப் பற்றியது. அறப்போர் செய்வோன் தொடக்கத்திலேயே தான் வேண்டுவதன் மிகக் குறைந்த அளவை அறிவித்துவிட வேண்டும். அதுவே மிகுந்த அளவும் ஆகும். வலிமை கூடியது என்பதற்காகப் போரின் நடுவே கோரிக்கையைக் கூட்டுதல் கூடாது. வலிமை குன்றியது என்பதற்காகக் குறைத்தலும் கூடாது. சந்தையில் விலை பேசுவோன் முதலில் ஏற்றிச் சொல்லிப் பிறகு இறங்குவான். அறப்போராளி அவ்வாறு பேரம் பேசுதல் பொய்க்கு ஒப்பாகும் என்பது அடிகளின் கருத்து.

இவ்வளவுகோலை அடிகளே கடைப்பிடித்தாரா என்று கேட்பது ஆய்வாளன் கடமை. 1913ஆம் ஆண்டுப் போரில் மூன்று பவுன் வரியை நீக்குதல் என்னும் கோரிக்கை புதிதாகச் சேர்ந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் மீண்டும் ஒப்பந்தத்திற் கட்டுப்படாமலும் தாய்நாடு திரும்பாமலும் நேட்டாலில் தங்கிய தொழிலாளி ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வரி அது. ஒப்பந்தத்தின் முதலாண்டில் அத்தொழிலாளி பெற்ற மாதக் கூலி 10 ஷில்லிங். அக்கணக்கில் மூன்று பவுன் என்பது ஆறு மாத உழைப்பு. மனைவிக்கும் வரி, வயது வந்த மக்களுக்கும் வரி.

கோரிக்கை கூடியதற்கு அடிகள் தரும் விளக்கம் இது. 1912ஆம் ஆண்டு கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது வரியை நீக்குவதாக அமைச்சர்கள் அவருக்கு வாக்களித்தனர், பின்னர் மறுத்தனர். வாக்குத் தவறியதனால் அது போரின் எல்லைக்குள் தானே வந்து புகுந்தது. போராளிகள் வலிந்து சேர்த்ததன்று. விளக்கம் முறையானதே. எனினும் அதன் பின்னே வேறோர் உண்மை நிற்கின்றது. இவ்வரிக்குச் சட்டம் செய்யப்பட்டது 1895ஆம் ஆண்டில். அறப்போர் தொடங்கியது 1906ஆம் ஆண்டில். ஏழையரினும் ஏழையரை வருத்திய வரி போரின் கோரிக்கைப் பட்டியலில் ஏற ஏழாண்டு பிடித்தது. முதற்காலத்துப் போர் பெரும்பாலும் வணிகர் முதலியோரின் குறைகளைச் சுற்றியே அமைந்தது என்று 1985ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் மோரீன் சுவான் என்னும் ஆய்வாளர் வாதிட்டார். அவ்வாதம் முழுதும் ஏற்கத்தக்கதா என்பது வேறு. கோரிக்கையைக் கூட்டாதிருத்தல் அறம் எனில், கோரிக்கையை வகுக்கும் வேளையில் எளியோர் துயரை விட்டுவிடாதிருத்தல் அதற்கு முற்பட்ட அறம் என்பதில் ஐயம் இல்லை. இதனை நூல் வெளிப்படக் கூறவில்லை.

மறைவின்மையும் பகைவனுக்குத் தரும் இடமும்

இரண்டாம் அளவுகோல் பகைவனைப் பற்றியது. சட்டத்தை மீறுவோன் மறைவாக மீறலாகாது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன காரணத்தால் மீறப்போகிறேன் என்று முன்னரே தெரிவிக்க வேண்டும். 1913ஆம் ஆண்டு நவம்பரில் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்சுவால் எல்லையைக் கடக்குமுன், அடிகள் அரசுக்கு எழுதினார். அவ்வளவில் அமையாது தளபதி ஸ்மட்சைத் தொலைபேசியிலும் தேடினார். வரியை நீக்க வாக்குறுதி தந்தால் புறப்பாட்டை நிறுத்துவதாகச் சொன்னார். தளபதி தம் செயலாளர் வாயிலாகச் சில நொடியில் மறுத்துவிட்டார். அதன் பிறகே கால் எல்லையைக் கடந்தது.

இதனினும் அரிய நிகழ்ச்சி 1914ஆம் ஆண்டு ஜனவரியில் நேர்ந்தது. வெள்ளையரான இரயில்வே ஊழியர் பெரிய வேலைநிறுத்தம் செய்தனர். அரசு நிலைகுலைந்து நின்றது. அவ்வேளையில் இந்தியரும் புறப்பட்டிருந்தால் அரசு இருபுறமும் நெருக்குண்டிருக்கும். நண்பர் சிலர் அவ்வாறே செய்யவும் தூண்டினர். அடிகளோ திட்டமிட்டிருந்த நடைப்பயணத்தை ஒத்திவைத்தார். பிறிதொரு காரணத்தாற் பகைவனுக்கு வந்த இடுக்கண் தம் போருக்கு ஏணியாகலாகாது என்பது அவர் கொள்கை. அரசியல் தந்திரம் கற்றவர் இதனைப் பேதைமை என்பர். ஆனால் விளைவை நோக்குக. அவ்வாண்டு நடுவிலேயே வரியை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பகைவனைச் சிறுமைப்படுத்தாமல் வென்ற வெற்றியில் பகைவனும் கையொப்பமிட இயலும். நூலின் மிகச் சிறந்த படிப்பினைகளுள் இஃது ஒன்று.

தலைவன் கை அகப்பை

மூன்றாம் அளவுகோல், போராடுவோர் தம் நடத்தையைப் பற்றியது. நியூகாசில் வட்டாரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தட்டி எழுப்பியவர் பெண்கள். அவருள் ஒருவர் ஒழியப் பிறர் தமிழ்ப் பெண்கள். சிலர் இடுப்பிற் கைக்குழந்தை இருந்தது. 1913ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் மூன்று மாதச் சிறை பெற்றனர். தொழிலாளர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். நியூகாசிலில் அடிகளுக்குத் தம் சிறு வீட்டைத் திறந்துவிட்டவர் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர்.

புறப்படுமுன் அடிகள் அம்மக்களுக்குச் சொன்ன விதிகள் சில. இன்றியமையாத துணிக்குமேல் எடுத்து வரலாகாது. வழியிற் பிறர் பொருளைத் தொடலாகாது. அதிகாரியோ வேறு வெள்ளையரோ வைதாலும் அடித்தாலும் பொறுக்க வேண்டும். காவலர் சிறைப்பிடித்தால் இணங்க வேண்டும். தலைவர் சிறைப்பட்டாலும் நடை நிற்கலாகாது. எழுத்தறியாதவரும் மனத்திற் பதித்துக்கொள்ளத்தக்க ஐந்தே கட்டளைகள். ஒவ்வொன்றும் செய்தற்குரியதையோ தவிர்த்தற்குரியதையோ நேரே சுட்டுகின்றது. கற்பிப்போர் கருதத்தக்க தெளிவு இது.

விதி சொன்னவர் என்ன செய்தார்? சார்லஸ்டவுன் முகாமில் உணவு பரிமாறும் பொறுப்பை அடிகள் தாமே ஏற்றார். பருப்பில் ஒருநாள் நீர் மிகும்; மற்றொரு நாள் சோறு வேகாது. பங்கு குறையும்போது குறைசொல்லுக்கு முன்னே நிற்க வேண்டியவர் தலைவர் என்பதனால் அகப்பையைத் தம் கையில் வைத்துக்கொண்டார். குப்பை பெருக்கும் வேலையிலும் அவரும் உடனுழைப்பாளரும் முந்தினர். தலைவர் பெருக்கினால் மற்றவர் பெருக்குவர், தலைவர் ஏவினால் எல்லாரும் ஏவுவர் என்பதனை அவர் அறிந்திருந்தார். பொறுமையைப் பற்றிய பெரிய சொற்பொழிவு ஒன்றும் நூலில் இவ்விடத்தில் இல்லை. அரைவேக்காட்டுச் சோறும் அதனை முகம் சுளிக்காது உண்ட மக்களும் இருக்கின்றனர். ஒழுக்க விதி ஏட்டிலிருந்து இறங்கி மக்களிடம் சேர்வது இப்படித்தான்.

நவம்பர் 6ஆம் நாள் நடை தொடங்கியது. நான்கு நாளில் அடிகள் மூன்று முறை சிறைப்பிடிக்கப்பட்டார். 10ஆம் நாள் பால்பர் என்னும் இடத்தில் மக்களைத் திருப்பி அனுப்ப மூன்று தனி இரயில்கள் காத்திருந்தன. காந்தியை அழைத்துவந்து அவர் சொன்னால் ஏறுவோம் என்று மக்கள் சிலர் அடம்பிடித்தனர். இதனை நூல் குறையென்றே குறிக்கின்றது. ஒருவர் சொல்லுக்கு மட்டுமே பணிவேன் என்பது அறப்போர் ஆகாது. போலக்கும் காச்சலியாவும் எடுத்துரைக்க, மக்கள் தெளிந்து அமைதியாக ஏறினர். தலைவன் இல்லாத வேளையில் நிற்கும் ஒழுக்கமே ஒழுக்கம் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

இதுவரை கண்டவை நூலின் நிறை. இனிக் குறையையும் கூறுதல் நடுநிலை.

எல்லை கடந்த கூட்டத்தை அடிகள் எண்ணித் தருகிறார்: ஆடவர் 2,037, பெண்டிர் 127, குழந்தைகள் 57. ஒருவருக்கு ஒருநாள் உணவு ஒன்றரை இராத்தல் ரொட்டி, ஓர் அவுன்சு சர்க்கரை என்று நிறுத்துத் தருகிறார். வழியில் இறந்த பச்சிளங் குழந்தைகள் இரண்டையும், குளிரால் ஒன்றும் நீரோட்டத்தைக் கடக்கையில் தாய் கையினின்று நழுவி ஒன்றும் மாண்ட வகையையும், துயரை விழுங்கிக்கொண்டு மேலே நடந்த தாயரையும் மறவாது எழுதுகிறார். சிறையிற் பெற்ற காய்ச்சலோடு வெளிவந்து 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் உயிர்நீத்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நெஞ்சம் நெகிழாமல் எவரும் படிக்க இயலாது. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று தாம் கேட்டதையும், மீண்டும் செல்ல ஒருப்பட்டு அவர் விடையிறுத்ததையும் பதிவு செய்கிறார்.

இத்துணை நுட்பமாக எண்ணுபவர் ஓரிடத்தில் எண்ணத் தவறுகிறார். சுரங்கத்து நெருப்பு நேட்டாலின் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. அத்தோட்டத்து மக்களை முன்கூட்டிப் பயிற்றுவித்தவர் இல்லை. அவர்கள் ஆணை எடுத்தவர் அல்லர். ஐந்து கட்டளைகளைக் கேட்டவரும் அல்லர். குதிரைப் படையினர் அவர்களை வேலைக்கு விரட்டினர். தோட்டங்கள் சிலவற்றில் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. நூலில் இச்செய்தி சில வரிகளில் முடிந்துபோகின்றது. சிலர் கல்லெறிந்தனர் என்றும், சுடப்பட்டனர் என்றும் வருகின்றது. இறந்தோர் எத்தனை பேர் என்பதும் ஐயப்பாட்டோடு சொல்லப்படுகின்றது. ஒருவர் பெயரும் இல்லை. சர்க்கரைக்கு அவுன்சுக் கணக்கு இருக்க, உயிருக்குக் கணக்கு இல்லாமற் போயிற்று.

அடிகளின் சார்பிற் சொல்லத்தக்க விடை உண்டு. அப்போது அவர் சிறையில் இருந்தார். கண்ணாற் கண்டவர் அல்லர். நினைவிலிருந்து எழுதியவர் கண்டதையே எழுத வல்லார். நேரிற் கண்ட வள்ளியம்மையும், உடன் நடந்த தாயரும் அதனாலேயே நூலில் உயிர்பெற்றனர். இவ்விடை ஓரளவு பொருந்தும். முழுதும் பொருந்தாது. வெளிவந்தபின் கேட்டறியவும் எழுதி வினவவும் ஆண்டுகள் பல இருந்தன. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் செல்வன், பச்சையப்பன் முதலான பெயர்களை ஆவணங்களிலிருந்து மீட்டுள்ளனர். மீட்கக் கூடிய பெயர்களாகவே அவை இருந்தன என்பது இதனாற் புலனாகும்.

இங்கே எழும் வினா பெரிது. கல்லெறிந்தவன் அறப்போரின் வரம்பைக் கடந்தான் என்பது உண்மை. ஆனால் அவனுக்கு வரம்பைச் சொன்னவர் யார்? கண்டித்தல் எளிது, கற்பித்தல் அரிது. தெரிந்து ஆணை எடுத்தவனிடம் கேட்கும் ஒழுக்கத்தை, தெரியாது வந்து சேர்ந்தவனிடம் அதே அளவிற் கேட்பது நீதியன்று. அறப்போரை அழைப்பவர் எவரோ அவரிடமே முதற்கணக்குக் கேட்க வேண்டும். அடுத்து, பயிற்சி பெற்றவரிடம். கடைசியாகவே, பசியாலும் அச்சத்தாலும் வெளியே வந்த எளியவரிடம். துப்பாக்கி ஏந்தி நின்ற அரசின் கணக்கு இவை எல்லாவற்றினும் பெரிது. அதனைக் கல்லின் பின்னே மறைத்துவிடலாகாது. சிறு குழப்பத்துக்கும் துப்பாக்கியே விடையாயிற்று என்று அடிகளே எழுதுகிறார். அதை எழுதியவர் இறந்தோரை எண்ணியிருந்தால் அந்த வரி பத்து மடங்கு வலிமை பெற்றிருக்கும்.

மற்றொரு குறையும் உண்டு. அதே 1913ஆம் ஆண்டில் புளூம்பாண்டீன் நகரில் ஆப்பிரிக்கப் பெண்கள் தாங்கள் எப்போதும் சுமக்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டை மறுத்துச் சிறை புகுந்தனர். அவ்வாண்டு ஜூன் திங்களில் வந்த நிலச் சட்டம் ஆப்பிரிக்கருக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கையே ஒதுக்கியது. அறவழியைப் பற்றிய நூலில் பக்கத்து வீட்டார் நடத்திய இந்த அறப்போருக்கு இடம் கிடைக்கவில்லை. சூலு மக்களைப் பற்றிப் பரிவுடன் ஓர் இயல் எழுதியவர், அவர்களைத் தம் போரின் தோழராகக் காணவில்லை. அஸ்வின் தேசாயும் கூலம் வாகிதும் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இதனைக் கடுமையாகவே சாடுகின்றது. சாடலின் சினத்தைக் கழித்துவிட்டாலும் வினா மீந்து நிற்கும்: உயிர்க்கெல்லாம் பொதுவான அறம் ஒரு கூட்டத்தின் வேலிக்குள் அடங்குமா?

முடிவுரை

குறை கண்டவுடன் நூலைத் தள்ளுவது பொறுப்பன்று. பெரியார் சொன்னது என்று குறையை மூடுவதும் கல்வியன்று. கோரிக்கையில் நேர்மை, செயலில் மறைவின்மை, பகைவனின் இடுக்கணைப் பயன்கொள்ளாமை, அடியைப் பொறுத்தல், தலைவனே முதலில் குனிதல் ஆகிய ஐந்தும் இந்நூல் தரும் அளவுகோல்கள். எந்த நாட்டில் எந்த மக்கள் தெருவில் இறங்கினாலும் இவ்வைந்தையும் வைத்து அவர் போரை அளக்கலாம். நூல் தராமல் விட்ட ஆறாவது ஒன்று உண்டு. அழைத்தவர், அழைப்பைக் கேட்டு வீழ்ந்தவரை எண்ண வேண்டும். பெயர் சொல்லி எண்ண வேண்டும். அழையாமல் வந்து வீழ்ந்தவரையும் அக்கணக்கிற் சேர்க்க வேண்டும்.

இவ்வாறாவது அளவுகோல் தொலைதூரத்து நேட்டாலுக்கு மட்டும் உரியதன்று. 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கும் இழிவை ஒழித்தல் என்பனவும் அவர்கள் கோரிக்கையில் இருந்தன. படை வந்தது, ஐவர் சுடப்பட்டு மாண்டனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் பெயரை அறிந்தோர் சிலராவது உளர். அந்த ஐவர் பெயரைச் சொல்ல வல்லார் எத்தனை வீட்டில் உளர்? காந்தியடிகளின் நூலிற் கண்ட குறையைச் சுட்டும் விரல், அவ்வினாவின்முன் தன்னை நோக்கியும் திரும்புதல் முறையாகும்.